நீரில் பாதரசத்தைக் கண்டறியும் தங்க நானோ கொத்துகள்: தயாரிப்பும் அளவீடும்

ஒரு லிட்டர் குடிநீரில் பாதரசம் 0.001 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தர அளவீடான ஐ.எஸ். 10500 (2012) வரையறுத்திருக்கிறது. மோலார் கணக்கில் இது ஏறத்தாழ 5 நானோமோலார் ஆகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எல்லை லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். கனிமப் பாதரசத்துக்கு உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டு அளவு 6 மைக்ரோகிராம். இத்தனை குறைந்த அளவை அளக்கக் குளிர் ஆவி அணு உட்கவர் நிறமாலைமானியோ ஐ.சி.பி.–எம்.எஸ். (பிளாஸ்மாவில் அயனியாக்கி நிறையை அளக்கும்) கருவியோ வேண்டும். இவை எல்லாக் கல்லூரிகளிலும் இருப்பதில்லை. ஆனால் ஒளிர்வு நிறமாலைமானி பல வேதியியல், உயிரியல் துறைகளில் இருக்கிறது. அதையும் ஒரு சூடேற்றும் கலக்கியையும் வைத்துக்கொண்டு, சில அணுக்கள் மட்டுமே சேர்ந்த தங்கக் கொத்துகளைத் தயாரித்து, அவற்றின் சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து பாதரசத்தின் அளவைக் கணக்கிடும் முறையை இங்கே எழுதுகிறேன்.

இம்முறைக்கு அடிப்படையானவை சிங்கப்பூரில் ஜாக்கி யிங் குழுவினர் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள். மாட்டுச் சீரம் ஆல்புமின் என்னும் புரதத்துக்குள் ஒளிரும் தங்கக் கொத்துகளை வளர்க்கலாம் என்று 2009-இல் அவர்கள் காட்டினர். அக்கொத்துகளின் ஒளியைப் பாதரச அயனி தணிப்பதை 2010-இல் வெளியிட்டு, 0.5 நானோமோலார் வரை கண்டறிய முடிந்ததாகத் தெரிவித்தனர். அதே 2010-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப் குழுவினர் லாக்டோஃபெரின் என்னும் பால் புரதத்துக்குள் ஒளிரும் தங்கக் கொத்துகளை உருவாக்கினர். ஆகவே இத்துறையில் ஈடுபட விரும்பும் தமிழ்நாட்டு மாணவர், நல்ல முன்னோடி ஆய்வுகளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒளிரும் கொத்தைத் தயாரிப்பது எளிது; ஒளி குறைந்ததற்குப் பாதரசம்தான் காரணம் என்று நிறுவுவதே கடினம். கலங்கல், நிறம், வெப்பம், அமிலம், வேறோர் அயனி, பழைய விளக்கு என எது வேண்டுமானாலும் ஒளியைக் குறைத்துவிடலாம். எனவே தயாரிப்புக்கு ஒரு நாள் ஒதுக்கினால், சரிபார்ப்புச் சோதனைகளுக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள்.

ஒளிர்வதும் தணிவதும் ஏன்

பல நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள் ஒயின் சிவப்பு நிறத்தில் தெரியும், ஆனால் கண்ணுக்குப் புலப்படும்படி ஒளிர்வதில்லை. துகள் ஏறத்தாழ இரண்டு நானோமீட்டருக்கும் கீழே சுருங்கும்போது எலக்ட்ரான்களின் ஆற்றல் நிலைகள் தொடர்ச்சியை இழந்து, மூலக்கூறுகளில் உள்ளதுபோல் தனித்தனிப் படிகளாகப் பிரிகின்றன. அப்போது ஒளியை உட்கவர்ந்து, குறைந்த ஆற்றலுள்ள ஒளியாகத் திருப்பித் தர முடிகிறது. ஆல்புமினுக்குள் உருவாகும் கொத்தில் பெரும்பாலும் 25 தங்க அணுக்கள் இருப்பதாக நிறை நிறமாலை காட்டியது. அதன் உமிழ்வு உச்சம் 640 நானோமீட்டருக்கு அருகில் அமைகிறது. குவாண்டம் விளைச்சல், அதாவது உட்கவர்ந்த ஒளித்துகள்களில் மீண்டும் ஒளியாக வெளிவரும் பங்கு, சுமார் 6 விழுக்காடு.

கொத்தின் மேற்பரப்பில் தங்கம் முழுவதும் உலோக நிலையில் இருப்பதில்லை. ஒரு பகுதி, கந்தகத்தோடு பிணைந்த ஒற்றை நேர்மின் அயனியாக இருக்கிறது. இந்தத் தங்க அயனியிலும் இரட்டை நேர்மின் பாதரச அயனியிலும் வெளி டி-கூட்டில் பத்து எலக்ட்ரான்கள் நிறைந்துள்ளன. நிறைந்த கூடுகளைக் கொண்ட இவ்விரு கன உலோக அயனிகளுக்கும் இடையே, வெறும் மின்னூட்டக் கணக்கில் எதிர்பார்க்க முடியாத ஓர் ஈர்ப்பு உண்டு. இதை உலோகநாட்ட இடைவினை என்கிறோம். பாதரசம் அவ்வாறு ஒட்டிக்கொண்டதும் கிளர்வுற்ற கொத்து தன் ஆற்றலை ஒளியாக விடாமல் வேறு வழியில் இழந்துவிடுகிறது. மற்ற அயனிகளினின்று பாதரசத்தைப் பிரித்தறியும் தெரிவுத்திறனின் வேர் இந்த ஈர்ப்பில்தான் இருக்கிறது.

கொத்துகளைத் தயாரித்தல்

முதல் வேலை கண்ணாடிக் கலங்களைத் தூய்மைப்படுத்துவது. முந்தைய சோதனையிலிருந்து ஒட்டியிருக்கும் தங்கத் துணுக்குகள் புதிய கரைசலில் விதைகளாகி, ஒளிராத பெரிய துகள்களை வளர்த்துவிடும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இராஜதிராவகத்தில் கலங்களை ஊறவைத்து, பிறகு அயனி நீக்கிய நீரில் பலமுறை அலச வேண்டும். இராஜதிராவகத்தை ஃபியூம் ஹூடுக்குள் (நச்சுப் புகையை வெளியேற்றும் அடைப்புக்குள்) வைத்து, தேவையான அளவு மட்டும் அப்போதைக்கப்போது தயாரியுங்கள். மூடிய புட்டியில் அதை ஒருபோதும் சேமிக்கக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் வாயுக்களின் அழுத்தத்தால் புட்டி வெடித்துவிடும்.

குளோரோஆரிக் அமிலத்தின் மூன்று நீர் மூலக்கூறு கொண்ட படிகத்தில் 19.7 மில்லிகிராமை 5 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் 10 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். இப்படிகம் காற்றின் ஈரத்தை விரைவாக உறிஞ்சி நெகிழ்ந்துவிடும். உலோகக் கரண்டி பட்டால் அதை அரித்து, தானும் ஒடுங்கும். ஆகவே பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கரண்டியைக் கையாளுங்கள். சிறு அளவாகத் திரும்பத் திரும்ப எடைபோடுவதைவிட, வாங்கிய புட்டி முழுவதையும் ஒரே முறையில் கரைத்து இருட்டில் வைப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

இன்னொரு கலத்தில் 250 மில்லிகிராம் ஆல்புமினை 5 மில்லிலிட்டர் நீரில் கரையுங்கள். புரதத் தூளை நீரின் மேல் தூவித் தானாகக் கரைய விடவேண்டும். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். இரண்டு கரைசல்களையும் 37 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, ஆல்புமினை விசையாகக் கலக்கியபடியே தங்கக் கரைசலைச் சேர்க்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து, ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 0.5 மில்லிலிட்டரைச் சேர்த்து, மூடி, அதே வெப்பநிலையில் 12 மணி நேரம் கலக்கிக்கொண்டிருங்கள்.

காரம் சேர்க்கும் இந்தப் படிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இங்கே தனியாக ஒடுக்கி (எலக்ட்ரான் தரும் பொருள்) எதுவும் சேர்ப்பதில்லை. ஆல்புமினிலுள்ள டைரோசின் எச்சங்களே தங்க அயனியை ஒடுக்குகின்றன. அவற்றின் ஃபீனால் தொகுதி புரோட்டானை இழக்க, பிஹெச் 10-க்கு மேல் உயர வேண்டும். காற்றில் நெடுநாள் கிடந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிய பழைய ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தினால் பிஹெச் போதிய அளவு உயராது. அப்போது கரைசல் மஞ்சளாகவே நின்றுவிடும், அல்லது மங்கலாக மட்டும் ஒளிரும். தயாரிப்பு தோற்றுப்போனால் நான் முதலில் சந்தேகிப்பது தங்க உப்பை அன்று, காரக் கரைசலைத்தான்.

எல்லாம் சரியாக நடந்தால் கரைசல் இளமஞ்சளிலிருந்து இளம் பழுப்பாகி, முடிவில் அடர் பழுப்பாகும். இருண்ட அறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கைக் காட்டினால் தணல்போல் ஆழ்ந்த சிவப்பு தெரியும். அதை முதன்முதலில் காணும் மாணவரின் முகத்தில் தோன்றும் வியப்பை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த மகிழ்ச்சி நியாயமானது. கரைசல் ஊதாவாகவோ ஒயின் சிவப்பாகவோ மாறியிருந்தால் பெரிய துகள்கள் உருவாகிவிட்டன என்று பொருள். கலங்களை மீண்டும் கழுவித் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும்.

வினைபுரியாத உப்பையும் மிகைக் காரத்தையும் நீக்க, 12,000 முதல் 14,000 டால்டன் வெட்டெல்லை உள்ள (அதைவிடச் சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும்) சவ்வுப் பையில் ஊற்றி நீரில் அமிழ்த்தி, அந்த நீரை நான்கைந்து முறை மாற்றி ஒரு நாள் வைத்திருங்கள். பிறகு 4 டிகிரியில் இருட்டில் சேமிக்கலாம். உறைய வைக்க வேண்டாம்.

தயாரித்ததைச் சரிபார்த்தல்

சிவப்பாக ஒளிர்கிறது என்பது மட்டும் போதாது. முதலில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை உட்கவர் நிறமாலையை எடுங்கள். 520 நானோமீட்டருக்கு அருகில் மேடு தெரிந்தால் பெரிய தங்கத் துகள்கள் கலந்திருக்கின்றன. நல்ல தயாரிப்பில் அந்த மேடு இருக்காது; கோடு சீராகச் சரிந்து செல்லும்.

ஒளிர்வு நிறமாலைக்கு 470 நானோமீட்டரில் கிளர்வூட்டுங்கள். இந்த எண்ணைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. 320 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் அதன் இரண்டாம் வரிசைச் சிதறல் (இரு மடங்கு அலைநீளத்தில் தோன்றும் போலி ஒளி) சரியாக 640 நானோமீட்டரில், அதாவது கொத்தின் உமிழ்வு உச்சத்தின் மேலேயே வந்து விழும். வடிகட்டி போடாத கருவியில் அதை ஒளிர்வு என்று எண்ணி ஏமாந்துபோகலாம். 470-இல் கிளர்வூட்டும்போது நீர் சிதறடிக்கும் ஒளியான ராமன் கோடு 559 நானோமீட்டரை ஒட்டி வரும். உமிழ்வு உச்சத்திலிருந்து அது போதிய அளவு விலகி நிற்கிறது. குறைந்த அலைநீளத்தில் கிளர்வூட்டினால் 450 நானோமீட்டருக்கு அருகில் ஒரு நீல உமிழ்வும் தெரியக்கூடும். காரத்தில் ஆக்சிசனேற்றம் அடைந்த புரதத்திலிருந்து வருவது அது, தங்கத்தினுடையது அன்று. தங்கம் சேர்க்காமல் ஆல்புமினையும் காரத்தையும் மட்டும் அதே முறையில் 12 மணி நேரம் வைத்து ஓர் ஒப்பீட்டுக் கரைசலைத் தயாரித்துக்கொண்டால், இரண்டையும் வேறுபடுத்திக் காணலாம்.

பாதரசக் கரைசல்கள்

நைட்ரிக் அமிலத்தில் கரைந்த, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் கொண்ட சான்றளிக்கப்பட்ட பாதரசக் கரைசலை வாங்குங்கள். அதில் 0.1 மில்லிலிட்டரை நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் 10 மில்லிலிட்டராக்கி, அதிலிருந்து மீண்டும் 0.1 மில்லிலிட்டரை 10 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கொண்ட வேலைக் கரைசல் கிடைக்கும். அதிலிருந்து 0.1, 0.2, 0.5, 1, 2, 5 மில்லிலிட்டர் எடுத்துத் தனித்தனியே 10 மில்லிலிட்டராக்கினால் 1 முதல் 50 மைக்ரோகிராம் வரையுள்ள ஆறு அளவீட்டுக் கரைசல்கள் தயார்.

நீர்த்த பாதரசம் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிஎத்திலீன் புட்டிகளில் அது சுவரை ஊடுருவியும் வெளியேறும். வெளியிலுள்ள பாதரச ஆவி உள்ளே புகவும் செய்யும். ஆகையால் கண்ணாடி அல்லது ஃப்ளோரோபாலிமர் கலங்களைப் பயன்படுத்தி, எல்லா நிலையிலும் அமிலத்தைச் சேர்த்து, நீர்த்த கரைசல்களை அன்றன்றே தயாரியுங்கள். நேற்றைய 1 மைக்ரோகிராம் கரைசல் இன்று 1 மைக்ரோகிராமாக இருக்கும் என்று நம்ப இடமில்லை.

ஆனால் அமிலம் நம் உணரிக்கு, அதாவது கொத்துக் கரைசலுக்கு, ஆகாது. ஆல்புமினின் நிகர மின்னூட்டம் சுழியாகும் சமமின் புள்ளி பிஹெச் 4.7 அளவில் இருக்கிறது. அந்தப் பகுதிக்கு வந்தால் புரதம் திரண்டு கலங்கும், ஒளியும் குறையும். எனவே அளவீட்டுக் கரைசல், வெற்று மாதிரி (பாதரசம் சேர்க்காதது), சோதிக்க வேண்டிய நீர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே அளவு அமிலத்தில் வைத்திருந்து, அளப்பதற்குச் சற்று முன்னதாகக் காரம் சேர்த்து பிஹெச் 7-க்குக் கொண்டுவந்து, தாமதியாமல் உணரியோடு கலக்க வேண்டும்.

அளவிடுதல்

கொத்துக் கரைசலை 20 மில்லிமோலார் ஹெப்பிஸ் தாங்கல் (பிஹெச் மாறாமல் காக்கும்) கரைசலில், பிஹெச் 7.4-இல் நீர்க்கச் செய்யுங்கள். 470 நானோமீட்டரில் உட்கவர்வு 0.1-க்குக் கீழே, முடிந்தால் 0.05-க்கு அருகில் இருக்க வேண்டும். பாஸ்பேட் தாங்கலைப் பரிந்துரைக்காததற்குக் காரணம், நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் மிகவும் கடினமானது. அதிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வீழ்படிந்து கலங்கலை உண்டாக்கலாம். உணரியின் செறிவைக் கூட்டினால் ஒளி கூடும், ஆனால் உணர்திறன் குறையும். ஏனெனில் இருக்கும் சிறிதளவு பாதரசம் அத்தனை கொத்துகளுக்கும், கொத்தில்லாத புரதங்களின் கந்தகத் தொகுதிகளுக்கும் பங்கிடப்பட்டுப்போகிறது. கருவி தெளிவாக அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவே சிறந்த செறிவு.

ஒரு மில்லிலிட்டர் உணரியோடு ஒரு மில்லிலிட்டர் மாதிரியைச் சேர்த்து, 25 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து, 640 நானோமீட்டர் உமிழ்வைக் குறித்துக்கொள்ளுங்கள். வினை விரைவானது; இருந்தாலும் எல்லா மாதிரிகளுக்கும் ஒரே காத்திருப்பு நேரம் இருக்கட்டும். வெப்பம் ஏறினால் பாதரசம் இல்லாமலேயே ஒளி குறையும் என்பதால் கியூவெட் (மாதிரியை ஊற்றி அளக்கும் சிறு கலம்) தாங்கியின் வெப்பநிலையை நிலையாக வைத்திருங்கள். அளக்காத நேரத்தில் கருவியின் மறைப்பு மூடியிருக்க வேண்டும்.

வெற்று மாதிரியின் ஒளிர்வை மாதிரியின் ஒளிர்வால் வகுத்து, அந்த விகிதத்தைப் பாதரசச் செறிவுக்கு எதிராக வரைந்தால் ஸ்டெர்ன்–வோல்மர் கோடு கிடைக்கும். குறைந்த செறிவுகளில் அது நேர்கோடாக இருக்கும். மேலே போகப்போக வளையலாம். வளைந்த பகுதியையும் சேர்த்து வலிந்து நேர்கோடு பொருத்தாதீர்கள்.

கண்டறிதல் எல்லையைக் கணக்கிட, வெற்று மாதிரியைக் குறைந்தது பத்து முறை அளந்து, திட்ட விலக்கத்தின் மும்மடங்கை அளவீட்டுக் கோட்டின் சாய்வால் வகுக்க வேண்டும். பத்து முறை என்பது ஒரே கியூவெட்டைப் பத்து முறை படிப்பதன்று, தனித்தனியாகக் கலந்த பத்து வெற்று மாதிரிகளை அளப்பது. முன்னது கருவியின் இரைச்சலை மட்டுமே காட்டும். பின்னதில்தான் நம் பைப்பெட்டின் பிழையும் வெளிப்படும். வெற்று மாதிரிகளின் சராசரி 1000 அலகு, விலக்கம் 8 அலகு, ஒளி ஒரு மைக்ரோகிராமுக்கு 20 அலகு குறைகிறது என்று கொண்டால், கண்டறிதல் எல்லை லிட்டருக்கு 1.2 மைக்ரோகிராம் ஆகிறது. அமெரிக்க எல்லையைச் சோதிக்க இது ஏறக்குறையப் போதும். இந்தியக் குடிநீர் எல்லையைச் சோதிக்கப் போதாது. வெளியான கட்டுரைகளில் உள்ள 0.5 நானோமோலாரைத் தம் முடிவாக எழுதிக்கொள்ளாமல், தம் கருவியில் தாம் பெற்ற எண்ணை எழுதுவதே நேர்மை.

பாதரசந்தானா?

சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், காட்மியம், காரீயம், இரும்பு, செம்பு ஆகியவற்றின் நைட்ரேட் உப்புகளைத் தனித்தனியே, பாதரசத்தைப் போல் பத்து மடங்கு, நூறு மடங்கு செறிவில் சேர்த்துப் பாருங்கள். அடுத்து அதே அயனிகளைப் பாதரசத்தோடு சேர்த்தும் சோதியுங்கள். பெரும்பாலோர் முதல் சோதனையோடு நின்றுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் உண்மை நீருக்கு நெருக்கமானது.

இந்த வரிசையில் மிகுந்த கவனம் வேண்டுவது செம்பு. ஆல்புமின் கொத்துகளின் ஒளியைச் செம்பு அயனியும் தணிக்கும். அதைப் பயன்படுத்திச் செம்பையே அளந்த ஆய்வுகளும் வந்திருக்கின்றன. செம்பை மறைக்க, உலோக அயனிகளைக் கவ்விக்கொள்ளும் இ.டி.டி.ஏ. சேர்ப்பது வழக்கமான அறிவுரை. ஆனால் இ.டி.டி.ஏ. பாதரசத்தையும் பிணைக்கும், நிலைப்பு மாறிலியின் மடக்கை செம்புக்கு ஏறத்தாழ 18.8 என்றால் பாதரசத்துக்கு 21.8 (எண் கூடினால் பிணைப்பு இறுகும்). தங்கமும் கந்தகமும் பாதரசத்தை அதைவிட இறுகப் பற்றினால்தான் இந்த உத்தி பலிக்கும். ஆகவே இ.டி.டி.ஏ. உள்ளபோது, தெரிந்த அளவு பாதரசம் அதே அளவு தணிப்பைத் தருகிறதா என்று உங்கள் கரைசலிலேயே பார்த்த பிறகுதான் அதை நம்ப வேண்டும்.

எதிர்மின் அயனிகளும் குழப்பம் செய்யும். சயனைடு தங்கத்தையே கரைத்துவிடுவதால் ஒளி முற்றிலும் போய்விடும். சல்பைடு, பாதரசத்தைத் தானே பற்றிக்கொள்ளும். குளோரைடு மிகுந்த கடல்நீரில் பாதரசம் பெரும்பாலும் குளோரோ அணைவாக இருக்கிறது. நன்னீரில் வரைந்த அளவீட்டுக் கோட்டை அங்கே பொருத்தினால் விடை குறைவாகவே வரும்.

இவற்றோடு உள் வடிகட்டு விளைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாதிரி தானே 470 அல்லது 640 நானோமீட்டர் ஒளியை விழுங்கினால், தணிப்பு எதுவும் இல்லாமலேயே ஒளி குறைந்ததாகத் தோன்றும். இரு அலைநீளங்களிலும் உட்கவர்வை அளந்து கூட்டி, அதில் பாதியைப் பத்தின் அடுக்காக எடுத்து, கண்ட ஒளிர்வைப் பெருக்கினால் திருத்திய மதிப்பு கிடைக்கும். கருவியில் ஒளிர்வு ஆயுட்காலம் (கிளர்வூட்டிய பின் ஒளி மங்க எடுக்கும் நேரம்) அளக்கும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். நிறத்தால் வந்த குறைவு ஆயுட்காலத்தை மாற்றாது.

ஆற்று நீரும் ஓடை நீரும்

சேகரித்த உடனே 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து, நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஹெச் 2-க்குக் கீழே கொண்டுவாருங்கள். வடித்த நீரில் கரைந்த பாதரசம் மட்டுமே இருக்கும். மண்துகளில் ஒட்டியதையும் அறிய வேண்டுமானால் வடிக்காத நீரைத் தனியே செரிக்க (துகள்களை அமிலத்தில் சிதைத்துக் கரைக்க) வேண்டும். 2001-இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையால் பாதரசம் பரவிய கொடைக்கானல் போன்ற மலைப்பகுதி நீரை ஆராய நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இலைமக்கு ஊறிய ஓடை நீரிலுள்ள ஹியூமிக் அமிலங்கள் பாதரசத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன, ஒளியையும் விழுங்குகின்றன. ஒரு பிழை அளவைக் குறைத்துக் காட்டும், மற்றது கூட்டிக் காட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து நம்மைத் திருப்திப்படுத்தவும் கூடும்.

இத்தகைய நீருக்குத் தூய நீரில் வரைந்த அளவீட்டுக் கோடு உதவாது. மாதிரியை நான்கு பங்காக்கி, ஒன்றை அப்படியே விட்டு, மற்ற மூன்றில் 2, 5, 10 மைக்ரோகிராம் அளவுக்குப் பாதரசம் சேர்த்து அளக்கும் செந்தரச் சேர்ப்பு முறையைக் கையாளுங்கள். சேர்த்ததில் 80 முதல் 120 விழுக்காடு வரை திரும்பக் கிடைத்தால் அளவீட்டை ஏற்கலாம். கிடைக்காவிட்டால் அந்த நீருக்கு இந்த முறை பொருந்தவில்லை என்றே எழுதுங்கள். எல்லையை ஒட்டியோ மிஞ்சியோ வரும் மாதிரிகளை, குளிர் ஆவி முறை வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்யாமல் வெளியே அறிவிக்கக் கூடாது. ஒரு ஊரின் குடிநீரைப் பற்றிய எண் அது; தவறாகச் சொன்னால் மக்கள் காரணமின்றி அஞ்சுவார்கள், அல்லது காரணம் இருந்தும் அஞ்சாமல் இருந்துவிடுவார்கள்.

களத்தில் விரைவாகப் பார்க்க, கொத்துக் கரைசலில் தோய்த்து உலர்த்திய நைட்ரோசெல்லுலோஸ் தாளைப் பயன்படுத்தலாம். மாதிரித் துளியை விட்டு, கையடக்கப் புற ஊதா விளக்கில் அருகருகே வெற்று நீர்த் துளியோடு ஒப்பிட வேண்டும். கண்ணால் காணும் இந்த ஒப்பீடு மைக்ரோமோலார் அளவுக்கு உதவும், குடிநீர் எல்லைக்கு உதவாது. மிகுதியாக மாசடைந்த இடத்தை முதலில் அடையாளம் காண அது போதும்.

கழிவு

பாதரசம் கலந்த எல்லாக் கரைசல்களும், அலசிய முதல் நீரும், பயன்படுத்திய தாள்களும், பைப்பெட் நுனிகளும் பெயரும் தேதியும் ஒட்டிய தனிப் புட்டிக்குள் போக வேண்டும். கழுவு தொட்டிக்குள் ஒரு துளியும் போகக் கூடாது. பாதரசம் சேராத தங்கக் கழிவை வேறொரு புட்டியில் சேருங்கள், தங்கத்தை அதிலிருந்து மீட்க முடியும். இராஜதிராவகக் கழிவை இவ்விரண்டோடும் கலக்காமல், ஃபியூம் ஹூடுக்குள் நிறைய நீரில் மெல்லச் சேர்த்து, பிறகு காரத்தால் நடுநிலையாக்கி, அதையும் தனியே வையுங்கள்.